முடிவு சொல்லும் நாளில் தாய்மாமனுக்கு ஏன் இடமில்லை

போன மாதம் எங்கள் பழைய மையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பேச்சுப் பயிற்சியாளர். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. பிள்ளையைப் பரிசோதித்து முடிவு சொல்லும் நாளில் அப்பா அம்மாவைத் தவிர வேறு யாரும் அறைக்குள் வரக் கூடாது என்று மையத்தில் ஒரு விதி இருக்கிறதே, அதை யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேட்டாள். இப்போதெல்லாம் குடும்பம் முழுவதையும் உட்கார வைத்துப் பேசுங்கள் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லிக் கொடுக்கிறார்களாம். முந்தின நாள் ஒரு தாய்மாமன் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த விதியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள்.

சத்தம் போடாமல் என்ன செய்வார்? எங்கள் பக்கம் பிள்ளைக்கு மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். அப்படிப்பட்டவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தப் பெண்ணிடம் இதைப் போனில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு நாளாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று தெரிகிறது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

விதியைப் போட்டவர் டாக்டர் பிரமநாயகம். போட வைத்தவர் சீவலப்பேரிக்காரர் ஒருவர். அவருக்கு இது இன்றுவரை தெரியாது.

எங்கள் மையம் வண்ணார்பேட்டையில் ஒரு மிக்சி ரிப்பேர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பேச்சு வராத பிள்ளைகள், பேசியும் யாரோடும் ஒட்டாத பிள்ளைகள், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள் எல்லாரும் அந்தப் படி ஏறித்தான் வருவார்கள். நான் படித்தது வெளியூரில். காது, தொண்டை, நாக்கு, உதடு எல்லாவற்றையும் படம் போட்டுப் பாகம் குறிக்கப் படித்துவிட்டு வந்தேன். ஒரு பிள்ளை எதற்காக இன்னொருவரிடம் பேச வேண்டும் என்கிற பாடத்தை மட்டும் டாக்டரிடம்தான் படித்தேன். முதல் இரண்டு வருடம் அவரிடம் திட்டு வாங்கியே போனது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

டாக்டருக்குக் கட்டைக் குரல். கோபம் வந்தால் அது இன்னும் இறங்கும். கத்தினால்கூடத் தேவலை என்று எங்களுக்குத் தோன்றும். வெள்ளைக் கோட்டுப் போட மாட்டார். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு அந்த நிறத்தைக் கண்டாலே போதும், அழ ஆரம்பித்துவிடும். பிள்ளை அறைக்குள் வந்ததும் அவர் வாயே திறக்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஒரு மூலையில், பாதி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு பொம்மை லாரியின் சக்கரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். பிள்ளை அவரிடம் வருகிறதா, லாரியிடம் மட்டும் வருகிறதா, வந்தால் அவர் முகத்தைப் பார்க்கிறதா, கையை மட்டும் பார்க்கிறதா என்று கவனிப்பது எங்கள் வேலை. ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, இவரு லாரி ரிப்பேரு பாத்து முடிக்கட்டும், டாக்டரு எப்ப வருவாரு என்று கேட்டிருக்கிறார். டாக்டருக்கு அதில் ரொம்பப் பெருமை.

தாயிடம் கேள்வி கேட்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசுவானா என்று கேட்கக் கூடாது. கேட்டால் எந்தத் தாயும் பார்ப்பான் என்றுதான் சொல்வாள்; பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதற்குப் பதிலாக, நேற்றுச் சாயங்காலம் நீங்கள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தீர்கள், பிள்ளை எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று கேட்க வேண்டும். அவள் யோசித்து, நேற்று நடந்ததைச் சொல்வாள். அதில் எல்லாம் வந்துவிடும். அவள் பேசும்போது நாங்கள் எழுதக் கூடாது. பேனாவைப் பார்த்துக்கொண்டு யாரும் உண்மை பேச மாட்டார்கள் என்பார்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் பொம்மைக்குப் பிறந்தநாள் கொண்டாடச் சொல்லியிருக்கும். இல்லாத கேக்கை வெட்டி, எரியாத மெழுகுவர்த்தியை ஊதி, பிள்ளை பாவனையாக விளையாடுகிறதா என்று பார்ப்பதற்காக. டாக்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஒரு கல்லை நட்டு வைத்து, ஒரு தகர டப்பாவைத் திருப்பிப் பிள்ளையின் கையில் கொடுத்து, கோயில் கொடை நடத்துவமா என்று கேட்பார். கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா; ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஒன்று கொட்டடிக்கும், ஒன்று சாமியாடும், ஒன்று எனக்கே திருநீறு பூசிக் குறி சொல்லும். எந்தப் பிள்ளை டப்பாவைச் சுற்றிவிட்டு அது சுழல்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறதோ, அங்கே நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனிப்போம்.

பிறகு பிஸ்கட் டப்பா. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பா, மூடி நன்றாக இறுக்கப்பட்டிருக்கும். அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பிள்ளை நம்மைப் பார்க்கலாம், நீட்டலாம், சிணுங்கலாம், பேசலாம். சில பிள்ளைகள் நம் முகத்தைப் பார்க்காமல், நம் கையை மட்டும் பிடித்து மூடி மேல் வைக்கும். அது எப்படிக் கேட்கிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டியது. ஆகவே தாய்மார் தங்கள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அது ஒன்றுதான் அங்கே ரொம்பக் கஷ்டமான பரிசோதனை.

செல்வி அதில் தோற்றுப்போனாள். அவளுடைய மகன் கவினுக்கு அப்போது நாலு வயது. பையன் டப்பாவைத் தொடுவதற்கு முன்பே அவள் கை வந்து மூடியைத் திறந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை டாக்டர் அந்தக் கட்டைக் குரலில், நீ கொஞ்சம் வெளியே போயிட்டு வாம்மா என்றார். அவள் அழுதுவிட்டாள். கேட்காமலே செய்து பழகிப்போச்சு சார் என்றாள். பையனுக்குத் தண்ணீர் தாகம் என்றால் அவன் கழுத்து ஒரு மாதிரி திரும்பும், அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். எப்படி இவ்வளவு தேறினாய் என்று கேட்டேன். வீட்டுக்காரர் கூட இருந்து பழகினது என்றாள்.

வீட்டுக்காரர் இசக்கி கதவோரம் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீவலப்பேரிப் பக்கம் வயல்களுக்கு நீர் பாய்ச்சுகிறவர். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் யார் வயலுக்கு முதலில், எவ்வளவு நேரம் என்று முறை வைத்து மடை திறந்து அடைக்கிற வேலை. வருடா வருடம் வெட்டுக்குத்து வரைக்கும் போகிற வேலை அது. இவர் வந்த பிறகு சண்டை நின்றுபோனது. சொந்தச் சித்தப்பா வந்து கெஞ்சினாலும் முறை வராமல் மடை திறக்க மாட்டார். அதனால் ஊரில் அவர் மேல் எல்லாருக்கும் நம்பிக்கை. வழியில் எதிரே வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார், நாலு பேர் கூடும் இடத்துக்குப் போக மாட்டார். அவன் ஒரு மாதிரி, ஆனா நல்லவன் என்பார்களாம்.

நான் பையனின் பின்னால் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கீழே பஸ் ஹாரன் அடித்ததும் உடனே ஜன்னலைப் பார்த்தான், ஆகவே காது நன்றாகக் கேட்கிறது. செல்வியின் முகம் சுருங்கிப்போனது. அப்போதுதான் இசக்கி முதன்முதலாக வாய் திறந்தார்.

"எதுக்குத் திரும்பணும்? கூப்பிட்டது அவனுக்குக் கேட்டாச்சு. நீங்க அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலியே."

டாக்டர் லாரியைக் கீழே வைத்தார். முழு உடம்பையும் திருப்பி அவரைப் பார்த்து உட்கார்ந்தார். அப்படி அவர் திரும்பி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் பிறகு அன்று முழுவதும் கேள்விகள் இசக்கிக்குத்தான். கொடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளை அலறுகிறான், மேளச் சத்தம் ஆகவில்லை என்று செல்வி சொல்லியிருந்தாள். இசக்கி அதை மறுத்தார்.

"சத்தம் இல்ல சார். மேளம் எப்ப நிக்கும்னு தெரியாதுலா, அதுதான். நின்னா மறுபடி எப்ப அடிப்பாங்கன்னும் தெரியாது."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார். நானும் போக மாட்டேன், கொடை அன்னைக்கு வாய்க்கால் பக்கம் போயிருவேன் என்றார். புதுச் சட்டையைப் பையன் ஏன் கழற்றி எறிகிறான், சோற்றின் மேல் குழம்பு ஊற்றினால் ஏன் தட்டைத் தள்ளுகிறான், கூழாங்கற்களை ஏன் வரிசையாக வைக்கிறான் என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பையன் அவர் பக்கத்தில் போய் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை, ஆனால் நிம்மதியாக இருந்தார்கள். அவர்கள் போன பிறகு டாக்டர் என்னிடம், இந்தப் பிள்ளைக்குப் பாதி வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறதும்மா என்றார்.

இரண்டாவது தடவை வந்தபோது செல்வி என்னைத் தனியாகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"என்னையப் பிடிக்காமத்தான் கட்டியிருக்காகன்னு ஏழு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர். நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தது அவுகளுக்குத் தெரியவே இல்லையாம். இப்பல்லாம் வாயால சொல்லிருதேன். எனக்குத் தலவலி, ஒரு காப்பி போடுங்கன்னா உடனே போட்டுத் தாராக."

இப்படி ஒரு பேச்சைக் கேட்பதற்காகத்தான் நாங்கள் இந்த வேலையில் இருக்கிறோம் என்று அன்று நினைத்தேன். பிள்ளைக்கு வந்த ஒரு சோதனையால் ஒரு பெண்ணுக்குப் புருஷன் கிடைத்துவிட்டான். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது.

முடிவு சொல்லும் நாள் வந்தது. செல்வியின் அண்ணன் கணேசன் சேரன்மகாதேவியிலிருந்து வந்திருந்தார். செல்விதான் வரச் சொல்லியிருந்தாள். பிள்ளை விஷயத்தில் தாய்மாமனிடம் சொல்லாமல் ஒரு காரியம் நடந்துவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமாகிவிடும். அவரும் கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிர். ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து டாக்டரின் மேஜை மேல் வைத்தார். டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு உட்காருங்கள் என்றார்.

ஆட்டிசம் என்ற வார்த்தையை டாக்டர் கடைசியில்தான் சொல்வார். பிள்ளைக்கு என்னென்ன வருகிறது என்று முதலில் சொல்வார், எது கஷ்டமாக இருக்கிறது என்று பிறகு, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று அதன் பிறகு. பெயர் கடைசியில். பெயரை முதலில் சொன்னால் மற்றது எதுவும் காதில் விழாது. அன்றும் அப்படியே செய்தார். செல்வி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கணேசன், எங்கள் பக்கத்தில் இப்படி யாரும் கிடையாது, இது எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

யார் வழி என்று விரலை நீட்டிச் சொல்கிற விஷயமில்லை இது என்றார் டாக்டர். சில வீடுகளில் அப்பா, தாத்தா, மாமா என்று யாருக்காவது இதன் சாயல் கொஞ்சம் இருக்கும், சில வீடுகளில் யாருக்குமே இருக்காது, அதில் குற்றம் ஒன்றுமில்லை என்றார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கூடுதலும் இல்லை. கதவோரத்திலிருந்து இசக்கி, எனக்கு இருக்கு என்றார்.

அவர் அதை வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொன்னார் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பது வயது வரை ஒரு மாதிரி ஆள் என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது என்ன மாதிரி என்று ஒருவர் சொல்லிவிட்டார். அதுவும் தன் மகனோடு சேர்த்துச் சொல்லிவிட்டார். கணேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார். பையனை உள்ளிருந்து தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் இசக்கி. அப்படித் தெரிந்திருந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

பிறகு நடந்ததை வளர்த்த வேண்டாம். மாப்பிள்ளைக்குக் குறை இருப்பதை மறைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. சேரன்மகாதேவியில் அவர்கள் கோயில் கொடைக்கென்று செல்வியையும் பையனையும் அழைத்துப் போனார்கள், திருப்பி அனுப்பவில்லை. இனி வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று பயிற்சியையும் நிறுத்தினார்கள். கவினுக்குச் செவ்வாய்க்கிழமை என்று நாங்கள் நாள் ஒதுக்கியிருந்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமை வேறு பிள்ளைக்குப் போனது.

ஆனால் இசக்கி வந்தார். செவ்வாய்தோறும் டவுன் பஸ் ஏறி வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பிள்ளை வராது என்று சொன்னோம். செவ்வாய்க்கிழமைன்னு நீங்கதான சொன்னீங்க என்றார். டாக்டர், இருக்கட்டும், உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்றார். இப்படிச் சில வாரங்கள். ஒரு நாள் அவராகவே என் மேஜைக்கு வந்து, அவனுக்குச் சொல்லிக் குடுக்குததை எனக்குச் சொல்லிக் குடுங்க, நான் மச்சான் வீட்டுல போய்ப் பொண்டாட்டி பிள்ளையக் கேக்கணும் என்றார்.

பெரியவர்களுக்கு அங்கே பயிற்சி கிடையாது. இன்றைக்கும் இந்த ஜில்லாவில் அவரைப் போன்றவர்களுக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டாக்டரிடம் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்பது எனக்குத் தெரிய வேண்டாம் என்றார். அதற்கு அர்த்தம் செய் என்பது.

சாப்பாட்டு நேரத்தில் நான் கணேசனாக உட்காருவேன், அவர் படியேறி வருவார். வந்ததும் வணக்கம் சொல்ல வேண்டும். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்தைப் பார்க்கலாம். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். தாகமில்லாமல் எதற்குக் குடிக்க வேண்டும் என்று கேட்டார். அது அவர்களுக்கு மரியாதை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, அது ஒரு முறை என்றார். மடை திறக்கிற முறையைப் போல இதையும் ஏற்றுக்கொண்டார். மச்சானின் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பதும் ஒரு முறை. எதிராளி பேசி முடிக்கும்வரை எழுந்து போகாமல் இருப்பதும் ஒரு முறை. சொல்லிக்கொடுத்தது எதையும் அவர் மறக்கவில்லை. இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த மாணவர்களில் அவரைப் போல இன்னொருவர் இல்லை.

செல்வியிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதை நான் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வீட்டுல சத்தமே இல்ல. எனக்குச் சத்தம் பிடிக்காது. ஆனா இது நல்லா இல்ல. நீ வா."

இதை இப்படியே சொல்லுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாதீர்கள் என்றேன்.

இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவரான ஓர் அரிசிக் கடை அண்ணாச்சி நடுவில் இருந்து பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணேசன் வீட்டில் உட்காருவது என்று ஏற்பாடாயிற்று. நான் அங்கே இல்லை. மறுநாள் திங்கட்கிழமை செல்வி மையத்துக்கு வந்து சொல்லித்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பேச்சு எப்படி முடியும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். முடிவு முதலிலேயே ஆகியிருக்கும். பெண்ணை அனுப்பிவிடலாம் என்று பெரியவர் முந்தின நாளே அண்ணன்காரனிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருப்பார். ஆனாலும் இவ்வளவு நாள் முறுக்கிக்கொண்டு நின்ற மனிதனுக்கு இறங்கி வர ஒரு படி வேண்டும். அதற்காக நாலு பேர் முன்னால் மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். குடிப்பதாகச் சொல்கிறார்களே, உண்டா என்பார்கள். அவன் வாயில் வாடை அடித்துக்கொண்டிருந்தாலும், இல்லை என்பான். சரி, இல்லை என்று சொல்லிவிட்டான் பாருங்கள் என்று காப்பி வரும். பெண் பையோடு வெளியே வருவாள். அந்த இல்லையை யாரும் நம்புவதுமில்லை, பொய் என்று சொல்வதுமில்லை.

இசக்கி வந்திருக்கிறார். வணக்கம் சொல்லியிருக்கிறார். தண்ணீரை வாங்கி முழுவதும் குடித்திருக்கிறார். மச்சானின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். கணேசனே அசந்துபோய்ப் பதில் சொன்னாராம். அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். இனி இழுக்க வேண்டாம் என்று கேள்விக்கு வந்திருக்கிறார்.

"ஏப்பா இசக்கி, டாக்டரு என்னமோ சொன்னாருன்னு பேசிக்கிடுதாங்க. உனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லலா? கேட்டதுக்குப் பதிலச் சொல்லிட்டு, பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போ."

"இருக்கு அண்ணாச்சி. நானும் என் மவனும் ஒரே மாதிரிதான்."

அண்ணாச்சி விடவில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா என்றாராம். யோசிச்சுத்தான் சொல்லுதேன் என்றாராம் இவர். கணேசன் எழுந்து உள்ளே போய்விட்டார். காப்பி வரவில்லை.

செல்வி அப்போது உள்ளறையில் பையை மூடி வைத்துவிட்டு, பையனுக்குச் செருப்பும் மாட்டிவிட்டு நின்றிருக்கிறாள். இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அந்த நிமிஷம் நீயே வெளியே வந்து அவரோடு போயிருக்கக் கூடாதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னால் அண்ணனை மீறிப் படியிறங்கினால் பிறந்த வீடு இல்லை என்று ஆகிவிடும், இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒன்று என்றால் யாரிடம் போவேன் என்றாள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

"அவுக பொய் சொல்ல மாட்டாகன்னு எனக்குத் தெரியும் டீச்சர். அதுக்காகத்தான் அவுகளை எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் எனக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கலாம்லா?"

கவினின் படங்களையும் பயிற்சிச் சாமான்களையும் எடுத்துக்கொண்டாள். அண்ணன் அவளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்த வாரமே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். பையன் அங்கே படித்து ஆளாகிவிட்டான், நன்றாக இருக்கிறான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். புருஷனும் பெண்சாதியும் சேரவில்லை.

அன்று சாயங்காலம் டாக்டரிடம் சொன்னேன். நான் சொன்னதில் தப்பில்லைம்மா, ஆனால் சொல்வதற்கு முன்னால் கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்றார். மறுநாளே அந்த விதி வந்துவிட்டது. அதற்காக எத்தனையோ மாமன்மாரிடம் ஏச்சு வாங்கினார். ஓய்வு பெறும்வரை அதைத் தளர்த்தவில்லை. இப்போது அவர் இல்லை.

விதி சரியா தப்பா என்று கேட்டால் சரி என்பேன். ஆனால் என் வருத்தம் அந்தக் கதவில் இல்லை. மனிதர்கள் பதில் வேண்டாமலும் கேள்வி கேட்பார்கள், அந்த நேரத்தில் உண்மையைக் கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று இசக்கிக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்? சொல்லியிருந்தாலும் அவர் செய்திருப்பாரா? நாலு பேர் முன்னால், என் மகன் வேறு நான் வேறு என்று சொல்லச் சொல்லி நான் பயிற்சி கொடுத்திருக்க வேண்டுமா? மையத்தில் இப்போது இருக்கிற தம்பிமார் தங்கைமார் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவர் அன்று சொன்னது அந்தப் பிள்ளையின் மேல் வைத்த பிரியம்தான் என்று எனக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களுக்கு அது பிரியமாகக் கேட்கவில்லை.

செல்வி வந்து போன மறுநாள் செவ்வாய்க்கிழமை. இசக்கி வந்தார். சட்டை தேய்த்திருந்தது. என் எதிரே உட்கார்ந்து நடந்ததை வரிசையாக ஒப்பித்தார். வணக்கம் சொன்னது, தண்ணீர் குடித்தது, பிள்ளைகளை விசாரித்தது, யாரும் பேசி முடிக்குமுன் எழுந்திருக்காதது. செல்வி வெளியே வரவில்லை, அதனால் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை என்றார். அண்ணாச்சி கேட்டதையும் தான் சொன்னதையும் சொன்னார். பிறகு, சரியாத்தான டீச்சர் சொல்லியிருக்கேன் என்று கேட்டார்.

மூடி வைத்த பையும் செருப்பு மாட்டிய பையனும் எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"பதில் சொன்னாக் கூட்டிக்கிட்டுப் போலாம்னு அண்ணாச்சி சொன்னாரு. நான் சொல்லிட்டேன். எப்ப அனுப்புவாங்க டீச்சர்? வீட்டத் தூத்து வச்சிருக்கேன்."